வத்தாளைக்குக் கொழுந்தெடுத்த காலம்

தாவரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அரைப் புத்தகம். அடக்கத்துக்காக இப்படிச் சொல்லவில்லை. உண்மையிலேயே அது அரைப் புத்தகம்தான். பதுளைக் கடைவீதியில் எங்கள் குடும்பத்துக்குப் பலசரக்குக் கடை இருந்தது. சீமைக்குத் திரும்பும் துரைமார் பங்களாச் சாமான்களை ஏலம் போடும்போது மேசை நாற்காலிக்கு ஆள் வரும், புத்தகத்துக்கு வராது. அண்ணன் அவற்றை எடைக்கு வாங்கிவந்து சரக்கு மடிக்கப் போடுவார். அப்படி வந்த ஒன்றை நான் கண்டெடுத்தபோது, அதன் பின்பாதி கொத்தமல்லியோடும் செத்தல் மிளகாயோடும் ஊர் ஊராகப் போயிருந்தது. செடிகள் எப்படிச் சாப்பிடுகின்றன, சாப்பிட்டதில் மிஞ்சியதை எங்கே வைக்கின்றன என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. முன்பாதியை அண்ணனிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பாதியையும் ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகியிருந்தேன். தோட்டத்து மருந்துச் சாலையில் டிஸ்பென்சர் உத்தியோகம். காய்ச்சலுக்குக் கொயினா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், புண்ணுக்கு அயடின், மற்ற எல்லாவற்றுக்கும் ஆறுதல். லயம் என்னும் வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் என்னை டாக்டரய்யா என்று கூப்பிட்டார்கள். முதல் வாரம் அதைத் திருத்த வேண்டும் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் காதுக்கு இனிமையாக இருந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து யாராவது வெறுமனே ஐயா என்றால் எனக்கு முகம் சுண்டிப்போனது.

பெரிய சண்டை முடிந்துவிட்டது என்று எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில் அரிசி நின்றுபோனது. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து, பண்டாரவளை வரை ரயிலேறி, அங்கிருந்து மாட்டு வண்டியில் பதுளைக்கும் பசறைக்கும் ஊர்ந்து, அப்புறம் எங்கள் மலைக்கு ஏற வேண்டிய அரிசி. வழியில் யாருக்குக் குறைந்தாலும் கடைசியில் இருந்த எங்களுக்குத்தான் அதிகம் குறைந்தது. எங்கள் தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுத்தவருக்கு மட்டும் ஓரளவு அரிசி அளந்தார்கள். வேலைக்குப் போகாத பிள்ளைகளுக்குக் கிடைத்தது கஞ்சிக்கும் காணாது. அதனால் துரை தேயிலை பிடிக்காத ஒரு சரிவை ஆளுக்கொரு பாத்தியாகப் பிரித்து, கிழங்கு போட்டுக்கொள்ளச் சொன்னார். ஐப்பசி மழைக்கு எல்லாரும் வத்தாளைக் கொடி நட்டார்கள். சர்க்கரைவள்ளி என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அதற்கு எங்கள் பக்கத்துப் பெயர் வத்தாளை.

என் மருந்துச் சாலைத் தாழ்வாரத்துக்கு நேர் கீழே இருந்த பாத்தி ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணுடையது. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். முந்தின வருஷக் காய்ச்சலில் புருஷன் போய்விட்டான். அவனுக்கு மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான்தான். ஆகையால் என் மருந்தின் சக்தி அவளுக்கு நன்றாகவே தெரியும். எட்டு வயதில் ஒரு மகள், நெஞ்சுச் சளியை விட்டு எழும்பாத ஒரு கைக்குழந்தை. குழந்தைக்கு மருந்து வாங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவாள். அப்படி வந்த ஒரு நாளில்தான் சொன்னாள்:

“இந்தக் கெழங்கு நல்லா விழுந்துருச்சுன்னா, பொண்ணப் பெரட்டுக்கு அனுப்பாம ஒரு வருசத்த ஓட்டிருவேங்க. இல்லாட்டி அவ பேரையும் பதிஞ்சாத்தான் அரிசி.”

பெரட்டு என்றால் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். எட்டு வயதுப் பிள்ளைகளும் அந்தக் குளிரில் சாக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கும். அவள் மகள் நிற்கக் கூடாது என்பதுதான் அவளுடைய ஆசை. அதைக் கேட்டு எனக்கு மனம் இளகியது. மனம் இளகினால் நான் மருந்து கலக்குவதோடு நிறுத்திக்கொள்ளும் ஆள் இல்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்தேன்.

புத்தகம் சொன்னது இதுதான். பச்சை இலை வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. பகலில் அது செய்யும் வேகத்துக்கு உடனே அனுப்பி முடியாததால், கொஞ்சத்தை மாவாக மாற்றி இலைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. இருட்டியதும் அந்த மாவைத் திரும்பச் சர்க்கரையாக்கித் தண்டு வழியாகக் கீழே இறக்குகிறது. கீழே போனது மறுபடி மாவாகிக் கிழங்கில் தங்குகிறது. செடிக்குப் புதிதாகத் துளிர்க்க வேண்டுமானால் அந்த மாவு மறுபடி சர்க்கரையாகி மேலே ஏறும். இவ்வளவையும் ஒரு கிழங்குச் செடி வாய் திறக்காமல் செய்கிறது. அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வாய் மூடாமல் பேசினவன் நான்.

பேசினதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சாயங்காலம் ஒரு வத்தாளை இலையும், மறுநாள் விடியற்காலை ஒன்றும் பறித்து, மருந்துச் சாலையில் இருந்த சாராவியில், அதாவது ஸ்பிரிட்டில், கொதிக்கவைத்துப் பச்சையைக் கழற்றினேன். முதல் தடவை சாராவி தீப்பிடித்து என் மீசையின் இடப்பக்கம் போனது. பிறகு சாராவிக் குவளையைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக் காய்ச்ச வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். வெளுத்த இலைகளில் அயடின் விட்டபோது சாயங்கால இலை மைக்கூட்டில் முக்கியதுபோல் கறுத்தது; காலை இலை வெறும் மஞ்சளாகவே நின்றது. ராத்திரியோடு ராத்திரியாக மாவு கீழே இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பாதி மீசையோடு தாழ்வாரத்தில் நின்று நான் உலகத்தையே வென்றுவிட்டதாக நினைத்தேன்.

அடுத்து மனிதர்களுக்குக் காட்ட வேண்டும் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்களைக் கூப்பிட்டு, பசறைச் சந்தையில் வாங்கிய ஒரு நல்ல கிழங்கை நறுக்கி அயடின் விட்டேன். நீலமாய்க் கறுத்தது. இதுதான் மாவு, இதைத்தான் நாம் சாப்பிடுகிறோம் என்று விளக்கினேன். கூட்டம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. கிழங்கு விஷமாகிவிட்டது என்று ஒரு கிழவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. மிச்சக் கிழங்கை இனாமாகக் கொடுத்தும் யாரும் வாங்கவில்லை. அரிசி இல்லாத காலத்தில் ஒரு கிழங்கை யாருமே வேண்டாம் என்று சொல்லவைத்த பெருமை அந்த மலையில் எனக்கு மட்டும்தான் உண்டு.

இதற்குள் என் மூளை அடுத்த படிக்குத் தாவிவிட்டது. புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: முற்றிய இலைதான் சம்பாதிக்கும், பிஞ்சுத் துளிர் தானாகச் சம்பாதிக்கும் வரை மற்ற இலைகளின் சர்க்கரையைத்தான் தின்னும். அந்தப் பக்கத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் கொத்தமல்லிதான். மேற்கொண்டு எழுத ஆசிரியர் இல்லாததால் நானே எழுதிக்கொண்டேன். துளிர் தின்கிறது என்றால் துளிரைக் கிள்ளிவிட வேண்டும். தின்ன ஆளில்லாவிட்டால் அவ்வளவு சர்க்கரையும் கிழங்குக்குத்தானே போக வேண்டும்? அதிலும் நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டத்தில். துளிர் கிள்ளுவதற்கு உலகத்திலேயே கெட்டிக்காரக் கைகள் என் கண்ணெதிரே நாள் முழுக்க ஆடிக்கொண்டிருந்தன. ஏழு நாளைக்கு ஒரு சுற்று, இரண்டு இலையும் ஒரு மொட்டும். வத்தாளைக்கும் கொழுந்தெடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் “சரிங்க டாக்டரய்யா” என்றார்கள். அடுத்த வாரம் கேட்டபோது “எடுத்துட்டோமுங்க” என்றார்கள். சரிவின் கோடிவரை நடந்து பார்க்க எனக்குச் சோம்பல், ஆகவே நம்பிவிட்டேன். ஆனால் தாழ்வாரத்துக்குக் கீழே இருந்த பாத்தியை நான் நடந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அந்தப் பெண் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வருவாள். வாரம் முழுக்க இரண்டு கையாலும் கொழுந்தெடுத்தவள், ஓய்வு நாளிலும் குனிந்து இரண்டு கையாலும் வத்தாளைத் துளிரைக் கிள்ளுவாள். நான் மேலே நின்று, “முத்தின எலையத் தொடாத, துளிர மட்டும் எடு” என்று அவளுக்குக் கொழுந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பேன். இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சூடாகிறது. ஏழெட்டு வயதிலிருந்து அதையே செய்துவந்த கை அது. என் கை அதுவரை கிள்ளியிருந்தது அப்பளம் மட்டும்தான்.

கிள்ளிய துளிரை முதல் வாரமே ஒரு கட்டாகக் கட்டித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போனாள். வத்தாளைத் துளிர் நல்ல கீரை. என் சமையற்காரன் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்தான். வாரா வாரம் கட்டு வந்தது. வாரா வாரம் பொரியல். என் படிப்புக்கு ஓர் ஏழைப் பெண் செய்யும் மரியாதை என்று எண்ணி எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அடைத்த தொண்டையில் பொரியல் எப்படி இறங்கியது என்று கேட்கக் கூடாது. பதுளைக்கு அண்ணனுக்குக் கடிதம் எழுதியபோது, “இங்கே அறிவுக்கு மதிப்பு இருக்கிறது” என்று ஒரு வரி சேர்த்தேன். அண்ணன் பதிலில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கருவாடு அனுப்பவா என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஒரு தடவை அவள் கிள்ளுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

“கிள்ளக் கிள்ளத் துளுத்துக்கிட்டே இருக்குங்களே ஐயா. இன்னும் எடுக்கணுங்களா?”

“துளுக்கத் துளுக்க எடு,” என்றேன். “செடி நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அப்புறம் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வைக்கும் பாராட்டு என்றே பொருள் எடுத்துக்கொண்டேன். அப்போது எதைக் கொடுத்தாலும் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளும் வியாதி எனக்கு இருந்தது. அதற்கு என் அலமாரியில் மருந்து இல்லை.

பங்குனியில் சரிவு முழுக்கக் கிழங்கு வெட்டினார்கள். மேல் பாத்திகளில் மண்ணைப் புரட்டப் புரட்டச் சிவப்புச் சிவப்பாகக் கிழங்கு வந்தது. கையளவு, முழங்கையளவு. பிள்ளைகள் பச்சையாகவே கடித்தன. வெட்டிய கையோடு தின்றால் இனிக்காது, சில நாள் கிடந்தால்தான் உள்ளே இருக்கும் மாவு கொஞ்சம் சர்க்கரையாகி இனிப்பேறும் என்று சொல்ல வாயெடுத்தேன். யாருக்கும் கேட்க நேரமில்லை. ஒரு பாத்திக்காரன் என்னைப் பார்த்து, “எல்லாம் ஐயா சொன்னபடிதானுங்க” என்று கும்பிட்டான். அவன் பாத்தியில் கொடி முழங்கால் உயரத்துக்குப் பின்னிக் கிடந்தது. ஒரு துளிரும் கிள்ளுப்பட்டிருக்கவில்லை. அதைப் பார்த்த பிறகும் எனக்குப் புரியவில்லை.

அவளுடைய பாத்தியை அவளும் மகளும் வெட்டினார்கள். முதல் மேட்டைப் புரட்டியபோது எலிவால் கனத்தில் நாலைந்து வேர் வந்தது. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவது மேட்டில் மகள் ஒரு விரல் பருமனில் ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அதுதான் அந்தப் பாத்தியில் பெரியது. நான் தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்தேன். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அப்போதும் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு எலிவாலை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அயடின் விட்டேன். நாருக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்புப் புள்ளிகள். மற்றபடி வெறும் மஞ்சள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, புத்தகத்தின் பின்பாதியை என் தலைக்குள்ளேயே தேடினேன். தேயிலையில் கொழுந்து கிள்ளுவது எதற்கு? செடி வேறு எதையும் நினைக்காமல் திரும்பத் திரும்பத் துளிர்ப்பதற்கு. கிள்ளிய இடத்தில் ஒன்றுக்கு இரண்டாய் வெடிக்கும். அந்த இரண்டையும் கட்ட வேரில் இருக்கும் மாவு சர்க்கரையாகி மேலே ஏறும். வெடித்தது முற்றிச் சம்பாதிக்கத் தொடங்குமுன் மறுபடி கிள்ளுகிறோம். பழைய இலை கிழடாகி உதிர்கிறது; அதன் இடத்துக்குப் புது இலை வருவதே இல்லை. இலைக்காக வளர்க்கும் செடிக்கு அது சரி. கிழங்குக்காக வளர்க்கும் செடியை நான் அஞ்சு மாசம் தேயிலையாக நடத்தியிருந்தேன். அந்தத் தோட்டத்தில் இந்த உண்மை தெரியாத ஒரே ஆள் அதை எல்லாருக்கும் விளக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கீழே போக வேண்டியதெல்லாம் துளிராக மேலே வந்தது. துளிரெல்லாம் கட்டாகி என் வீட்டுக்கு வந்தது. அந்தக் கிழங்கை அது கிழங்காகுமுன்னமே நான் தேங்காய்ப்பூ போட்டுத் தின்று தீர்த்திருந்தேன்.

லயத்தில் ஆளுக்கு இரண்டு கிழங்கு அவளுக்குக் கொடுத்தார்கள். நானும் என் அரிசியில் பாதியைச் சமையற்காரன் கையில் அனுப்பினேன். அதை வாங்கிக்கொண்டாள். ஆனால் என் பாதி அரிசியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்ட முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பத்து நாள் கழித்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மருந்துச் சாலைக்கு வந்தாள். பிள்ளைகளின் பேர் பதிவதென்றால், உடம்பு வேலைக்குத் தாங்கும் என்று நான் பார்த்துச் சீட்டு எழுத வேண்டும் என்பது எங்கள் துரையின் சட்டம். சீட்டு இருந்தால் பெரட்டு, பெரட்டு இருந்தால் அரிசி. அவளுடைய மற்றக் கையில் ஒரு கட்டுக் கீரை இருந்தது. வெட்டிப்போட்ட கொடி திரும்ப வேர்பிடித்துத் துளிர்த்திருந்ததாம். மேசைமேல் வைத்தாள்.

“இது எதுக்கு?” என்றேன்.

“வழக்கந்தானுங்களே.”

“நான் கீரைக்காகவா கிள்ளச் சொன்னேன்?”

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. “பின்ன எதுக்குங்க?” என்றாள்.

மாவு கீழே இறங்குவது, துளிர் தின்பது என்று மறுபடி ஏதோ உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“அதெல்லாம் அன்னைக்கே சொன்னீங்க ஐயா. கங்காணி வீட்டுல கோழி வேணும்னா நேராக் கேப்பாங்க. கணக்கப்பிள்ளையய்யா முட்ட வேணும்னா, வவுத்துக்கு ஒத்துக்கலன்னு சொல்லிக் கேப்பாரு. நீங்க படிச்சவங்க, கூச்சப்பட்டுக்கிட்டுப் புஸ்தகத்தச் சொல்லிக் கீர கேக்குறீங்கன்னு நெனச்சேன்.”

“கிள்ளினா கெழங்கு விழாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“கொழுந்து எடுக்குறவளுக்குத் தெரியாதுங்களா?” குரலில் கோபம் இல்லை. “புள்ளைக்கு மருந்து வேணுமேங்க.”

மருந்து தோட்டத்துடையது, அதை இல்லை என்று சொல்ல எனக்கு உரிமையே கிடையாது, கீரை தராவிட்டாலும் கொடுத்திருப்பேன் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் மேசைமேல் இருந்த சீட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  என்னைக் கெட்டிக்காரன் என்று எண்ணி அவள் கேட்டு நடந்ததாக அஞ்சு மாசம் பூரித்துப்போயிருந்தேன். அவள் கண்ணுக்கு நான் கோழி கேட்கும் கங்காணிக்கும் முட்டை கேட்கும் கணக்கப்பிள்ளைக்கும் அடுத்தபடியாக நின்றிருந்தேன், அதுவும் நேராகக் கேட்கத் துணிவில்லாதவனாக.

பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டேன். கோளாறு எதுவும் இல்லை. ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இருந்தால் அரிசி கிடைக்காதே என்றும் உடனே நினைத்தேன். பேனாவை எடுக்குமுன் கீரைக்கட்டைத் தூக்கி அவள் பக்கம் தள்ளினேன்.

“இத நீயே கொண்டுபோ. எனக்கு வேணாம்.”

அவள் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. கெழங்கப் பத்தி நான் ஏதோ வாய் தவறிப் பேசிட்டேன். சீட்டு எழுதிக் குடுத்திருங்க ஐயா.”

கோபம் இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. கட்டு எங்கள் இருவருக்கும் நடுவே மேசைமேல் கிடந்தது. அதை எடுத்துச் சமையற்காரனைக் கூப்பிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்க அவன் கையில் கொடுத்தேன். பிறகுதான் அவள் பிடி தளர்ந்தது. நான் சீட்டு எழுதினேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மகளிடம், “ஐயாவக் கும்புடு” என்றாள். அந்தப் பிள்ளை என்னைக் கும்பிட்டது.